சீட்டுச் சொல்லும் பொய்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நமக்குப் பலர். அச்சுளிப்பில் நியாயம் இல்லாமலில்லை. சம்பள நாளின் மாலையிலே கூலியின் பாதியைத் தெருவோரச் சூதில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தொழிலாளியைக் கண்டவர்கள், சீட்டுக்கட்டைக் காணும்போது வேறெதை நினைப்பார்கள்? நாம் ஆடுவது பிறிட்ஜ் என்று அறிந்ததும் அந்தச் சுளிப்பு இருமடங்காகிறது. சூது ஏழையைக் கெடுப்பது. பிறிட்ஜோ பணக்காரன் பொழுதைக் கழிப்பது. இரண்டில் எது பெருங்குற்றம் என்று கேட்டால், நம் நண்பர்களிற் சிலர் இரண்டாவதையே சொல்வார்கள் போலும்.

வரலாறு அவர்கள் பக்கமே சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஒப்பந்த பிறிட்ஜுக்குப் புள்ளி முறையை வகுத்தவர் ஹரோல்ட் வண்டர்பில்ற். அமெரிக்கப் புகையிரதப் பாதைகளால் பெருஞ்செல்வம் குவித்த குடும்பத்தின் வாரிசு அவர். 1925ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக ஹவானாவுக்குச் சென்ற கப்பலிலே, நண்பர் மூவரோடு ஆடிப் பார்த்து அந்த முறையை அவர் நிலைநாட்டினார். 1931இன் இறுதியிலும் 1932இன் தொடக்கத்திலும் எலி கல்பேட்சனும் சிட்னி லென்ஸும் நியூயோர்க்கிலே மோதியபோது, பத்திரிகைகள் அதனை நூற்றாண்டின் போர் என்று வருணித்தன. அதே மாதங்களில் அதே நகரிலே வேலையற்றோர் பாணுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தனர். நம் நாட்டிலும் துரைமாரின் கிளப்புகளோடு சேர்த்தே இவ்வாட்டத்தை நம்மவர் நினைக்கின்றனர்.

ஆயினும், பிறந்த இடத்தைக்கொண்டு ஒன்றை எடைபோடுவதானால், நாவல் என்னும் இலக்கிய வடிவத்தையும் நாம் கைகழுவ வேண்டியிருக்கும். சீனத்தின் டெங் சியாவோபிங் முதுமையிலும் பிறிட்ஜை விடாது ஆடியவர். அமெரிக்கக் கோடீசுவரர் வொறன் பபெற்றும் அதே ஆட்டத்தின் பித்தரே. இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் நண்பர்கள் சற்றுநேரம் வாய்மூடியிருப்பார்கள். நமக்கு வேண்டியதும் அவ்வளவே.

ஆனால், அவர்களுள் ஒருவர் சென்ற தவணையில் எழுப்பிய கேள்வி அப்படித் தட்டிக்கழிக்கத் தக்கதன்று. அவர் நம்மோடு ஒரே தொழிற்சங்கக் கிளையில் இருப்பவர். நாம் மதிக்கும் வாசகர். சனிக்கிழமை மேலதிக வகுப்புகள் முடிந்தபின் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு நாம் பிறிட்ஜ் கற்பித்து வருவது அவர் காதுக்கு எட்டியிருந்தது. “பொழுதுபோக்கெண்டால் போகட்டும். நீர் பிள்ளையளுக்கு எப்பிடிப் பொய் சொல்லுறதெண்டெல்லோ படிப்பிக்கிறீர்?” என்றார். பகல் முழுவதும் அறம் பொருள் என்று பாடஞ்சொல்லிவிட்டு, மாலையிலே எதிராளியை ஏமாற்றும் வழியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியனைப் பற்றி என்ன சொல்வது என்பதே அவர் கேள்வி. அவர் கேட்டது பிறிட்ஜின் நடுநரம்பைத் தொடும் கேள்வி என்பதை அவரே அறிந்திருந்தாரோ தெரியாது.

யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் முந்நூற்றிநாலு ஆடியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. அங்கும் நால்வர், எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். சீட்டு முப்பத்திரண்டு, ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓரினத்திற்கு 76, நான்கினத்திற்கும் 304. கேட்டு வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். ஆட்டத்தின் இரகசியம் முழுவதும் கவிழ்ந்து கிடக்கும் அந்த ஒற்றைச் சீட்டிலே அடங்கியிருக்கிறது.

பிறிட்ஜிலோ துரும்பு எதுவென்பது, அல்லது துரும்பே இல்லையென்பது, ஏலம் முடியும்போதே எல்லோர்க்கும் தெரிந்துவிடும். ஐம்பத்திரண்டு சீட்டும் பகிரப்படும், ஆளுக்குப் பதின்மூன்று. ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டும் சேர்ந்து ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்போம் என்று கூடுதலாகக் கேட்ட சோடியில் ஒருவர் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்கிறார். அவரை ஏலகாரர் என்போம். எதிர்ப்பக்கத்திலிருந்து முதற் சீட்டு விழுந்ததும், ஏலகாரரின் கூட்டாளி தம் பதின்மூன்று சீட்டையும் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார். அவருக்கு டம்மி என்று பெயர். ஊமை என்றாலும் பொருந்தும். அதன்பின் இரு கைச் சீட்டையும் ஏலகாரரே ஆடுவார்.

இப்போது மேசையைச் சுற்றிப் பாருங்கள். ஏலகாரர் காண்பது இருபத்தாறு சீட்டு. அவரைத் தடுக்க முனையும் இருவரும் தத்தம் கையையும் டம்மியையும் சேர்த்து அதே இருபத்தாறைத்தான் காண்கின்றனர். எண்ணிக்கையிலே வேறுபாடில்லை. ஆனால் ஏலகாரர் தம் பக்கத்தின் பலம் முழுவதையும் காண்கிறார். தடுப்போர் ஒருவர் பலத்தை மற்றவர் காண்பதில்லை. ஆகவே அவர்கள் பேசியாக வேண்டும். வாயாற் பேச விதி இடந்தராது; சீட்டாலேயே பேசவேண்டும். பிடி எடுக்க உதவாத சிறு சீட்டுகளே அவர்களின் சொற்கள். கூட்டாளி இறக்கிய இனத்திலே ஏழும் இரண்டும் வைத்திருப்பவர் ஏழை முதலிற் போட்டால் ‘தொடர்க’ என்றும், இரண்டைப் போட்டால் ‘வேண்டாம்’ என்றும் பொருள்கொள்வது பரவலான வழக்கு.

இந்தப் பேச்சிலே அவர்கள் பெரும்பாலும் உண்மையே பேசியாக வேண்டும். பொய் பேசினால் முதலில் ஏமாறுபவர் கூட்டாளிதான். ஏலகாரருக்கு அந்தக் கட்டில்லை. அவர் போடும் சீட்டைப் படித்து முடிவெடுக்கவேண்டிய துணை அவருக்கு இல்லை. ஊமையை ஏமாற்றுவதென்பது நடவாத காரியம். பிறிட்ஜ் மேசையிலே செலவின்றிப் பொய் சொல்லக்கூடியவர் ஒருவரே. அவர் தனித்திருப்பதனாலேயே அந்த உரிமை அவருக்குக் கிடைக்கிறது.

அதுமட்டுமன்று, தடுப்போர் பேசும் உண்மையை ஒட்டுக்கேட்கவும், இடையிலே புகுந்து குழப்பவும் அவரால் இயலும். மேற்கில் இருப்பவர் பெரிய சீட்டொன்றை இறக்குகிறார். கிழக்கில் இருப்பவர் மூன்றைப் போடுகிறார். அது அவரிடம் உள்ளவற்றுட் சிறியது, ‘வேண்டாம்’ என்பதே கருத்து. ஏலகாரர் கையில் ஆறும் இரண்டும் உள்ளன. இரண்டைப் போட்டாரானால் மூன்றே மிகச் சிறியது என்பது மேற்குக்குத் தெளிவாகிவிடும். ஆறைப் போட்டு இரண்டை ஒளித்தாரானால், ‘இரண்டு எங்கே? கூட்டாளியிடந்தான் இருக்கிறதோ? அப்படியானால் இந்த மூன்று தொடரச் சொல்லும் குறியோ?’ என்று மேற்கு மயங்குவார். ஏலகாரர் அந்த இனம் தொடர்வதை விரும்பினால் பெரிய சிறுசீட்டைப் போடவேண்டும். விரும்பாவிட்டால் சிறியதைப் போடவேண்டும். தடுப்போரின் மொழியிலேயே, அவர்களுள் ஒருவர் குரலைப் போலச் செய்து, இன்னொருவர் காதிலே பேசும் வித்தை இது.

இவை யாவும் சில்லறைப் பொய்கள். ஆட்டத்தின் கதியையே தீர்மானிக்கும் பொய்யைத் தேர்ந்தெடுப்பது வேறு வகையான வேலை. நாமே தெற்கில் இருந்து ஆடிய ஓர் ஆட்டத்தை இங்கு எடுத்துக்காட்டுவது தகும். எதிரே, வடக்கில், கணித ஆசிரியர். மேற்கில் கணிதப் பிரிவு மாணவன் ஒருவன். கிழக்கில் கலைப் பிரிவு மாணவி ஒருத்தி. துரும்பில்லா ஆட்டம், ஒன்பது பிடி எடுப்பதாக நாம் ஏற்றிருந்தோம். தடுப்போர் ஐந்து பிடி எடுத்தால் நாம் தோற்றோம்.

மாணவன் இஸ்கோப்பன் நாலை இறக்கினான். (இப்பெயர் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றது, அவர்கள் கோட்டைகளைவிட நெடுநாள் நிலைக்கும் போலிருக்கிறது.) டம்மியில் விரிந்தவை: இஸ்கோப்பனில் ஏழு, ஐந்து, ஆட்டினில் ஆசு, ஜாக், ஆறு, நாலு, டயமனில் எட்டு, ஏழு, மூன்று, கிளாவரில் ஆசு, ராணி, ஒன்பது, நாலு. நம் கையில் இஸ்கோப்பன் ஆசு, ராசா, மூன்று. ஆட்டின் ராசா, ராணி, ஐந்து. டயமன் ஒன்பது, ஆறு, இரண்டு. கிளாவர் ஜாக், பத்து, எட்டு, ஐந்து.

எண்ணிப் பார்ப்போம். இஸ்கோப்பனில் இரண்டு, ஆட்டினில் நாலு, கிளாவர் ஆசு ஒன்று, கைக்கெட்டியவை ஏழு. மீதி இரண்டும் கிளாவரிலிருந்தே வரவேண்டும். கிளாவர் ராசா மேற்கில் இருந்தால் அதனைப் பிடித்து நாலு பிடியும் எடுக்கலாம். கிழக்கில் இருந்தால் ஒரு பிடியை இழந்தபின் மூன்று பிடி எடுக்கலாம்; அதுவும் போதும். ஆனால் டயமனைப் பாருங்கள். ஆசு முதல் பத்து வரை எல்லாப் பெரிய சீட்டும் எதிராளிகளிடம். கிளாவர் ராசாவால் பிடி எடுத்த கை டயமனுக்குத் திரும்பிவிட்டால், நாலு டயமனும் ஒரு கிளாவருமாக ஐந்து பிடி போய்விடும். நேர்மையாக ஆடினால் வெற்றி, கிளாவர் ராசா எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது, பாதிக்குப் பாதி. அந்தப் பாதிக்கு மேலே ஒரு பங்கேனும் வேண்டுமானால், அது எதிராளியின் மனத்திலிருந்துதான் வரவேண்டும்.

முதற் சீட்டுக்குக் கிழக்கு ராணியைப் போட்டால் அதனை ராசாவாலும் பிடிக்கலாம், ஆசாலும் பிடிக்கலாம். நமக்கு இரண்டும் ஒரே பெறுமதி. ஒன்றை இப்போது போட்டால் மற்றது பின்னர் ஒரு பிடி எடுக்கும். கணக்கிலே தினையளவும் மாற்றமில்லை. ஆனால் இரண்டும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. அச்செய்தியைக் கேட்போர் இருவர், இருவரும் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றனர்.

மேற்கின் காதைக் கவனிப்போம். நாம் ராசாவால் பிடித்தால், ஆசும் நம்மிடமே என்பது அவனுக்கு ஐயமின்றித் தெரிந்துவிடும். கூட்டாளியிடம் ஆசு இருந்திருந்தால் ராணியையா போட்டிருப்பாள்? ஆசால் பிடித்தாலோ, ராசாவும் ராணியும் கூட்டாளியிடம் இருக்கலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு மிஞ்சும். இரண்டும் உள்ளவர் சிறியதைப் போடுவதே வழக்கு. ஆகவே மேற்கை ஏமாற்ற வேண்டுமானால் ஆசே நல்ல பொய்.

கிழக்கின் காது வேறு. நாம் ஆசால் பிடித்தால் அவள் ஐயுறுவாள். ஆசு மட்டுமே உள்ளவர் அதனை முதற் சுற்றிலேயே செலவழிப்பதில்லை; ஓரிரு சுற்று விட்டுப் பிடித்து, எதிராளிகளின் தொடர்பை அறுப்பதே முறை. உடனே பிடிப்பவரிடம் ராசாவும் இருக்கவேண்டும் என்று ஊகித்துவிடுவாள். ராசாவால் பிடித்தாலோ எல்லாம் இயல்பாகத் தோன்றும். ராசா மட்டுமே உள்ளவர் அதனை அப்போதே எடுத்தாக வேண்டும், விட்டால் இழந்துவிடக்கூடும். அப்படியானால் ஆசும் ஜாக்கும் கூட்டாளியிடம் இருக்கலாமன்றோ? ஆகவே கிழக்கை ஏமாற்ற வேண்டுமானால் ராசாவே நல்ல பொய்.

இருவரையும் ஒருங்கே ஏமாற்ற வழியில்லை. எவரை ஏமாற்றுவது என்பதை உண்மையே தீர்மானிக்கிறது. தெற்கிலிருந்து நாம் இறக்கும் கிளாவர் ஜாக்கை வெல்லக்கூடியது கிழக்கில் உள்ள ராசா மட்டுமே. மேற்கில் இருந்தால் அது பிடிபட்டுவிடும். நமக்கு ஆபத்து வரும் வேளையிலே முடிவெடுக்கும் நிலையில் இருக்கப்போகிறவள் கிழக்கு. எனவே ராசா. மேற்கு உண்மையை அறிந்துகொள்ளட்டும்; அறிந்தவனுக்குப் பேச வாய்ப்பு வராதவரை அந்த உண்மையால் நமக்குத் தீங்கில்லை.

அடுத்தது இன்னும் நுட்பமானது. ஆட்டினில் நாலு பிடி உறுதியாக இருக்கிறதே, அவற்றை முதலில் எடுத்துவைத்தால் என்ன என்று புதிதாகக் கற்பவர் கேட்பார். எடுக்கலாம். ஆனால் ஆட்டின் தீர்ந்த கை மூன்றாம் நாலாம் சுற்றுகளில் வேறினச் சீட்டைக் கழிக்கவேண்டும். கழிக்கும் ஒவ்வொரு சீட்டும் ஒரு சொல். மேற்கு பெரியதொரு டயமனைக் கழித்தால் ‘டயமனுக்கு வா’ என்று அவன் கூவியதாகும். தடுப்போருக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு சுற்றும் அவர்கள் கூடிப்பேசும் ஒரு கூட்டம். பொய்யை நம்பியிருக்கும் ஏலகாரர் அத்தகைய கூட்டத்திற்கு அவகாசம் அளிக்கலாகாது. நாம் ராசாவால் பிடித்த கையோடு கிளாவர் ஜாக்கை இறக்கினோம்.

மாணவன் இரண்டைப் போட்டான், டம்மியில் நாலு, மாணவி ராசாவால் பிடித்தாள். பின்னர் நெடுநேரம் யோசித்தாள். டம்மியின் டயமன்களை இரண்டு முறை பார்த்தாள். இறுதியிலே இஸ்கோப்பன் பத்தைத் திருப்பினாள். கூட்டாளியின் ஆசும் ஜாக்கும் ஓடினால் நாலு இஸ்கோப்பனும் ஒரு கிளாவரும்; ஐந்து பிடி. அவள் கணக்கிலே எள்ளளவும் பிழையில்லை. நாம் ஆசை வைத்தோம். ஒன்பது பிடியும் வந்தன.

ஆட்டம் முடிந்து சீட்டுகளை விரித்தபோது மாணவி டயமன்களை எண்ணினாள். அவள் கையில் ராசா, ஜாக், ஐந்து. கூட்டாளி கையில் ஆசு, ராணி, பத்து, நாலு. “சேர், உங்களிட்ட ரெண்டும் இருந்ததெல்லோ? பேந்தேன் ராசாவாலை பிடிச்சனீங்கள்?” என்றாள். காரணத்தைச் சொன்னோம். “அப்ப என்னை ஏமாத்தத்தான்,” என்றாள். ஆமென்றோம். அவள் சினக்கவில்லை, ஆனால் சிரிக்கவுமில்லை. நண்பர் காதுக்குச் செய்தி போன வழி இதுவேயென்று எண்ணுகிறோம்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். பிறிட்ஜின் சட்டநூல் இவ்விடயத்திலே நம் ஒழுக்கநூல்கள் பலவற்றைக் காட்டிலும் தெளிவானது. 2017இல் திருத்தப்பெற்ற விதிகளிலே 73ஆம் விதி, சீட்டாலும் கேள்வியாலும் எதிராளியை ஏமாற்றலாம் என்கிறது. சொல்லால், சைகையால், வேண்டுமென்றே தாமதித்தோ விரைந்தோ ஏமாற்றலாகாது என்கிறது. ஓரினத்திலே ஒரேயொரு சீட்டு வைத்திருப்பவர், தேர்வு செய்வதற்குப் பல இருப்பதுபோல யோசித்துப் போட்டால் அது குற்றம். சீட்டுப் பொய் சொல்லலாம், முகம் சொல்லலாகாது. அதனால்தான் ராசாவா ஆசா என்ற யோசனையை டம்மியிலிருந்து முதற் சீட்டைப் போடுமுன்பே நாம் முடித்துக்கொள்கிறோம். யோசிக்க ஒன்றுமில்லாத வேளையிலும் அந்த இடத்திலே அதேயளவு நேரம் எடுத்துக்கொள்ளுமாறு மாணவர்க்கும் சொல்லி வருகிறோம்.

இன்னொரு விந்தை. இவ்வாட்டத்தின் வரலாற்றிலே பெரும் அவதூறுகளுக்குக் காரணமாயிருந்தவை பொய்களல்ல, உண்மைகள். 1965இல் புவனஸ் அயர்ஸிலே நடந்த உலகப் போட்டியில், பிரித்தானியாவின் ரெறன்ஸ் றீஸும் பொறிஸ் ஷப்பீறோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையாலே தம்மிடமுள்ள ஆட்டின்களின் தொகையை ஒருவருக்கொருவர் அறிவித்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. உலக பிறிட்ஜ் அமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பிரித்தானியாவிலே நடந்த விசாரணை 1966இல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. எது சரியென்ற வாதம் அவர்கள் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1975 முதல் உலகப் போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் காணாதவாறு மேசைக்குக் குறுக்கே திரையிடும் வழக்கம் வந்தது. நாம் கவனிக்கவேண்டியது, அவர்கள்மேற் சாட்டப்பட்ட குற்றத்தின் தன்மையை. பொய் சொன்னார்கள் என்பதன்று அக்குற்றச்சாட்டு. உண்மையை மறைவாகச் சொன்னார்கள் என்பதே. எல்லோர் கண்முன்னும் மேசையில் விழும் பொய் சட்டபூர்வமானது; இருவருக்குள் ஒளித்துப் பரிமாறும் உண்மை களவு. இதனை நண்பரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை.

பொய்யின் பொருளாதாரமும் சிந்திக்கத்தக்கது. யோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கென்ஸ்ரேணும் 1944இல் வெளியிட்ட, ஆட்டங்களின் கோட்பாடு பற்றிய பெருநூலிலே இவ்வகை ஏமாற்றுகளைக் கணிதமாக ஆராய்ந்தனர். பிறிட்ஜை நால்வர் ஆட்டமாகக்கூட அவர்கள் கொள்ளவில்லை. இருவர் ஆட்டமென்றும், ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்குள் பேசிக்கொள்ள முடியாத இரு கூறாகப் பிளவுண்டிருக்கிறார் என்றும் நோக்கினர். நாம் கண்டதை வைத்துச் சொன்னால், ராசாவால் பிடிக்கும் நம் பொய்யை வாழவைப்பது, ராசா மட்டுமே இருந்து அதனால் பிடித்த எண்ணற்ற நேர்மையான ஆட்டங்கள். ஆசும் ராசாவும் உள்ளபோதெல்லாம் ராசாவையே போடுகிறவர் என்று நம்மை ஒருத்தி அறிந்துகொண்டால், அடுத்த முறை அந்த ராசாவே அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடும். ஆகவே ஏமாற்றுபவர் சிற்சில வேளைகளில் ஏமாற்றாது விடவும் வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் நேர்மை அன்று என்பதை நாம் அறிவோம்.

மடையனை இவ்வாறு ஏமாற்ற இயலாது என்பதையும் சொல்லவேண்டும். வந்த இனத்தையே எப்போதும் திருப்பும் ஆட்டக்காரியிடம் ராசாவும் ஆசும் ஒன்றுதான்; அவள் படிப்பதேயில்லை. படிப்பவளிடமே பொய் செல்லுபடியாகும். அவள் நாற்காலியில் நாம் அமர்ந்து, அவள் காணும் இருபத்தாறு சீட்டை அவள் கண்ணாலே கண்டு, அவள் எண்ணப்போவதை அவளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தாலன்றி ராசாவா ஆசா என்று முடிவு செய்ய வழியில்லை. பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும்போதுகூட நாம் ஒரு மாணவியின் சிந்தனையை அவ்வளவு உன்னிப்பாகப் பின்தொடர்வதில்லை.

நண்பர் விடுவாரா? இரண்டு வாரத்தின்பின் புதியதோர் ஆயுதத்தோடு வந்தார். “உம்மட ஏலகாரர் ஆர்? முதலாளியெல்லோ! தன்ர பலம் முழுக்க அவருக்குத் தெரியும். மற்ற ரெண்டு பேருக்கும் ஒருதற்ர கை மற்றவருக்குத் தெரியாது. அவை கதைக்க முந்தி ஆட்டத்தை முடிக்கவேணும் எண்டு நீரே சொல்லுறீர்.” உவமை கவர்ச்சியானதுதான். கூட்டங்கூட அவகாசம் கொடுக்கலாகாது என்று மேலே எழுதியபோது நமக்கே அது உறைத்தது. ஆயினும் உவமையை அளவுக்கு மீறி இழுத்தால் அறுந்துபோகும். பிறிட்ஜில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் சீட்டுக் கலைத்துப் பகிரப்படுகிறது; இந்த ஆட்டத்தின் ஏலகாரர் அடுத்ததில் தடுப்பவர். தேயிலைத் தோட்டத்திலே சீட்டு எப்போதோ ஒருமுறை பகிரப்பட்டதோடு சரி. இதைச் சொன்னதும், “அப்ப கலைச்சுப் போடுறதைப் பற்றி எழுதுமன்,” என்றார். அது வேறு கட்டுரை.

பதில் உண்மையில் வந்தது மாணவரிடமிருந்தே. மேற்கில் இருந்தவன் அன்று வீட்டுக்குப் போய் முழு ஆட்டத்தையும் தாளில் எழுதிப் பார்த்திருக்கிறான். நாம் ராசாவால் பிடித்த கணத்திலேயே ஆசு எங்கே என்பது தனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் தன் கூட்டாளிக்குச் சொல்ல வழியிருக்கவில்லை என்பதே அவனை உறுத்தியது. உண்மை மேசையிலே இருந்தது. அது அவன் கைக்குள் முடங்கிக் கிடந்தது. வழியே இருக்கவில்லையா? நாம் கிளாவர் ஜாக்கை இறக்கியபோது அவன் கையில் கிளாவர் ஏழும் இரண்டும் இருந்தன. எதைப் போட்டாலும் ஒன்றுதான். இவ்வாறு ஒன்றுதான் என்று தோன்றும் இடங்களே பேச்சுக்கு உகந்த இடங்கள் என்பதை, நம் ராசாவையும் ஆசையும் பார்த்தே அவன் கற்றிருந்தான். ஏலகாரரின் இனத்திலே தாம் முதலிற் போடும் சிறுசீட்டால், ‘நான் தொடங்கிய இனத்தைத் தொடர்க’ அல்லது ‘விட்டுவிடு’ என்று கூட்டாளிக்கு அறிவிக்கும் முறையொன்று பிறிட்ஜ் உலகிலே ஸ்மித் குறி என்ற பெயரால் வழங்குகிறது. பெரியது போட்டால் தொடர்க; சிறியது போட்டால் விடுக. அவனுக்கு அப்பெயர் தெரியாது. பொருளை மட்டும் தானே கண்டுபிடித்திருந்தான்.

அன்றும் அவன் போட்டது இரண்டுதான். ஆனால் அது ஒரு சொல் என்பதை அவர்கள் இருவரும் அப்போது உடன்பட்டிருக்கவில்லை. உடன்பட்டிருந்தால், கிளாவர் ராசாவால் பிடித்த மாணவி அந்த இரண்டைக் கண்டு இஸ்கோப்பனைக் கைவிட்டு டயமன் ராசாவை இறக்கியிருப்பாள். நம் பொய் அத்தோடு முடிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தனர். கூட்டாளிகளுக்கிடையே உள்ள எந்த உடன்பாட்டையும் எதிராளிகள் அறியச் செய்யவேண்டும் என்பது விதி. அதனை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாமே. மாணவி தன் அப்பியாசக் கொப்பியை விரித்து நம்முன் வைத்தாள். ‘எதிராளி தன் இனத்தை முதன்முறை ஆடும்போது, தொடக்கச் சீட்டுப் போட்டவர் காட்டும் குறி’ என்று தலைப்பிட்டு, நான்கு வரிகளில் எழுதியிருந்தாள். தமிழ் பிழையின்றி இருந்தது. கணித ஆசிரியர் வாசித்துவிட்டு நம்மிடம் நீட்டினார். நாமும் வாசித்து, விளங்கியது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். மாணவன் கட்டைக் கலைக்கத் தொடங்கியிருந்தான்.